நாலு விரல் இடைவெளி

கூடலூர் மக்களுக்கும், லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை உள்ள வளைவுகளுக்கும், அந்த வளைவுகளின் கைப்பிடிச் சுவரில் குந்தியிருக்கும் குரங்குகளுக்கும் மிகுந்த பொறுப்போடு தெரிவிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. போன ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பகல் பதினொன்றரை மணிக்கு, மலைச்சாலை ஜீப் உரிமையாளர் நலச் சங்கத்தின் அவசரப் பொதுக்குழு கூடியது. மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள் முதல் விடை தெரியாமல் கிடந்த ஒரு கேள்விக்கு அது விடை சொன்னது. ஜீப்புக்கு இரும்புத் தகடுகளை அடுக்கிய பட்டை ஸ்பிரிங்கா, சுருள் கம்பியான காயில் ஸ்பிரிங்கா?

காயில். ஒருமனதாக.

சங்கத்தில் முப்பத்தொரு பேர். வந்தது ஒன்பது பேர். அதில் நான்கு பேர் பிரியாணிக்கு வந்தவர்கள். கை தூக்கச் சொன்னபோது இன்னொரு பொட்டலம் தருகிறார்கள் என்று நினைத்துத் தூக்கினார்கள். மற்றவர்கள் தலைவர் அழகுமலையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள்.

அழகுமலைக்கு ஐம்பத்து நாலு வயது, மூன்று ஜீப்புகள், ஒன்பது பட்டங்கள். பட்டங்களை விசிட்டிங் கார்டின் இரண்டு பக்கமும் அச்சடித்திருந்ததால் போன் நம்பருக்கு இடமில்லாமல் போயிற்று. அந்தக் கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு கோயம்புத்தூர்ப் பக்கம் நடந்த ஆஃப்ரோடு போட்டிக்குத் தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். காடு, பாறை, சேறு என்று பதினோரு தடைகள். முதல் தடை ஒரு சேற்றுக்குழி. அதில் இறங்கிய வண்டி அங்கேயே நின்றது. பின்சக்கரம் சுற்றிச் சுற்றி அவருடைய வெள்ளைச் சட்டையில் சேற்றை வாரி இறைத்ததை யாரோ நாற்பது செகண்டு வீடியோவாகப் போட்டுவிட்டார்கள். டிராக்டர் வந்து இழுத்தது. பத்தொன்பது வண்டியில் பத்தொன்பதாவது.

“ஜெயிச்சவன் வண்டில காயில். நம்ம வண்டில பட்டை. இதுக்கு மேல என்னய்யா ஆதாரம் வேணும்?” என்று பொதுக்குழுவில் மேசையைத் தட்டினார். ஜெயித்தவன் சிவப்புத் தொப்பியும் போட்டிருந்தான். நல்லவேளை, அதை யாரும் தீர்மானத்தில் சேர்க்கவில்லை.

அன்றைக்குச் சேற்றுக்குழியில் வண்டியை ஓட்டியது அழகுமலையே. பக்கத்து சீட்டில் இருந்தவன் அவருடைய டிரைவர் முத்துப்பாண்டி. பொதுக்குழுவில் தண்ணீர்ப் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“ஏலே முத்து, நீதான கூட இருந்த. பட்டைதான காரணம்?”

முத்துப்பாண்டிக்கு ஒரு விஷயம் தெரியும். அந்தக் குழியில் வண்டி ஏன் நின்றது என்பது, பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவன் என்ற முறையில், அவனுக்கு மட்டும் தெரியும். வாயைத் திறந்தான். அழகுமலை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

“நீங்க சொன்னா சரிதேன் மொதலாளி” என்றான்.

இதில் சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது. சிரிக்க முடியாதது ஒன்றே ஒன்று. அந்த ஜீப் போட்டிக்குப் போவது வருசத்தில் ஓரிரு நாள். மற்ற நாளெல்லாம் காலை ஆறு மணிக்குக் கூடலூரிலிருந்து பதினான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு, மலையேறி, குமுளிக்கு அப்பால் ஏலக்காட்டில் இறக்கிவிடும் வண்டி அது. பதினான்கில் ஒருத்தி ஜோதிலட்சுமி, முத்துப்பாண்டியின் மனைவி. உள்ளே உட்கார்ந்தால் வளைவில் குமட்டும் என்று எப்போதும் பின்னால் இடது ஓரத்தில், சக்கரத்துக்கு நேர் மேலே உட்காருவாள்.

வண்டியில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குச் சட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. மலைப்பாதையில் அதைக் கேட்டால் ஆர்.டி.ஓ.வே சிரித்துவிடுவார். இங்கே இருந்த கணக்கு வேறு. ஜீப்பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலுக்கு மேலே, வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸில் ஒரு ரப்பர் கட்டை பதித்திருக்கும். வெறும் வண்டியில் அந்தக் கட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் எட்டு விரல் இடைவெளி. ஆள் ஏற ஏறப் பட்டை நிமிரும், இடைவெளி குறையும். இருபத்திரண்டு வருசமாகக் காய் எடுக்கப் போகும் மலையம்மாள், எல்லாரும் ஏறுகிறபோது கீழே குந்தி, இடது பின்சக்கரத்துக்கு உள்பக்கமாகக் கையை விட்டு அந்த இடைவெளியை அளப்பாள். கட்டைவிரலை மடக்கிக்கொண்டு நாலு விரலும் இறுக்கமாக நுழைகிற அளவுக்கு வந்துவிட்டால், “மதி!” என்று கத்துவாள். போதும் என்பதற்கு எஸ்டேட்டில் கற்றுக்கொண்ட மலையாளம். அதற்கு மேல் மந்திரியே வந்தாலும் ஏற முடியாது. அவள் கடைசியாக ஏறி, கதவோரம் தொங்கிக்கொண்டு வருவாள்.

மற்ற ஜீப்புகளும் இதைப் பார்த்துப் பழகின. பிறகு சங்கம் இதைக் கண்டுபிடித்தது. அழகுமலை தலைமையில் “பாரக் கட்டுப்பாட்டு விதி ஏழு” என்று நிறைவேற்றி, ஜீப் ஸ்டாண்டில் பெயிண்ட் போர்டு வைத்தார்கள். “நாலு விரல் இடைவெளி வரும் வரை மட்டுமே ஆள் ஏற்றலாம். இப்படிக்கு, அழகுமலை.” போர்டில் விதியைவிட அவர் பெயர் பெரிது. மலையம்மாள் பெயர் இல்லை. அவளுக்கு எழுத்து தெரியாததால் வருத்தமும் இல்லை.

வெள்ளிக்கிழமை வண்டி பழனிசெட்டிபட்டிக்குப் போனது. அங்கே ஈஸ்வரபாண்டியின் ஒர்க்‌ஷாப். ஈஸ்வரபாண்டி வண்டிக்கு அடியில் ஒரு டார்ச்சோடு படுத்து, கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். சுத்தியலால் சேசிஸைத் தட்டிய இடத்தில் துரு செதில் செதிலாக உதிர்ந்து அவர் புருவத்தில் ஒட்டியிருந்தது.

“அண்ணே, இருபது வருசம் கேரளா மழை தின்ன சேசிஸ் இது.”

“அதனாலதான்யா காயில் போடச் சொல்றேன். கெத்தா இருக்கும்.”

“கெத்து இருக்கட்டும். பட்டை ரெண்டு வேல பாக்குது. பாரத்தையும் தாங்குது, ஆக்சிலையும் நவுர விடாம பிடிச்சுக்கிருது. ஒரு பட்டை ஒடஞ்சாலும் மத்த ஆறு பட்டை ஒங்கள வீட்ல கொண்டுவந்து விட்டுரும். அதுவும் சொல்லாம ஒடையாது, ரெண்டு நாளைக்கு முன்னாடியே கத்தும். காயில் அப்படியில்ல. அது கிண்ணத்துல உக்காந்திருக்கும். அந்தக் கிண்ணத்த நான் சேசிஸ்ல வெல்டு வைக்கணும். எதுல வெல்டு வைக்க? இந்த அப்பளத்துலயா?”

“ஓய், போட்டிக்கு மட்டும்தான்யா. அடுத்த மாசம் ஒரு நாள். நானும் முத்துவும் ரெண்டே பேரு.”

“காயில் நல்ல சாமான்தேன், நான் இல்லேங்கல. பாறையில சக்கரம் தரையக் கவ்விக்கிட்டுப் போகும். ஆனா அதுக்கு வண்டி வேணும்ல?” ஈஸ்வரபாண்டி முத்துப்பாண்டியைப் பார்த்தார். “ரெண்டு பேருக்கு மேல ஏத்த மாட்டீகளே?”

முத்துப்பாண்டி தரையைப் பார்த்தான்.

“மாட்டோம்யா” என்றார் அழகுமலை.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. கழற்றிய பட்டைகளை மூலையில் போட்டுவிட்டு, ஈஸ்வரபாண்டி ஒரு சாக்பீஸ் எடுத்துப் பின்கதவின் உள்பக்கம் பெரிதாக எழுதினார்: ரெண்டு பேர் மட்டும். வேறு எந்த வண்டியிலும் அவர் அப்படி எழுதியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முத்துப்பாண்டி வண்டியைத் திரும்ப ஓட்டிவந்தான். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். வழியில் எத்தனை வேகத்தடை, எத்தனை பள்ளம். முன்பெல்லாம் ஒவ்வொன்றுக்கும் அந்த ஜீப் கிழவி மாதிரி முனகும். அவனுக்கு அந்த முனகல் அத்தனையும் அத்துப்படி. இடதுபக்கம் கிரீச்சென்றால் பட்டையின் முனையிலுள்ள ஷேக்கிளுக்குக் கிரீஸ் வேண்டும், நங்கென்றால் பட்டைகளைக் கோத்த சென்டர் போல்ட் பழசு. இப்போது ஒரு சத்தமும் இல்லை. வண்டி தண்ணீரில் போவதைப்போலப் போனது. கம்பம் தாண்டியும் அவன் காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினான்.

சாயங்காலம் வீட்டு வாசலில் நிறுத்தியபோது ஜோதிலட்சுமி வண்டியைச் சுற்றி வந்தாள். ஒரு சாண் உயர்ந்து நின்றது.

“என்னங்க, சத்தமே காணோம்?”

“காயில்ல சத்தம் இருக்காது.”

அவள் குனிந்து பார்த்தாள். இடது பின்சக்கரத்துக்கு நேர் கீழே, தரையில், காபிப்பொடி கொட்டியதைப்போலப் பழுப்பாகச் சிறு குவியல். “இது என்ன பொடி?”

முத்துப்பாண்டி அதைக் காலால் தேய்த்துவிட்டான். “நாளைக்கு வேற வண்டில போ.”

“எதுக்கு?”

“சும்மாதேன்.”

“டிரைவர் பொண்டாட்டியே ஏறலேன்னா மத்தவக ஏறுவாகளா? நான் மட்டும் தப்பிச்சு, மலையம்மா அத்தையும் விஜியும் ஏறணுமாக்கும்? வண்டி சரியில்லேன்னா மொதலாளிட்ட சொல்லுங்க.”

“சொன்னா சாவிய வாங்கிருவாக.”

“வாங்கட்டும்.”

கூடலூரில் ஜீப் உள்ள எல்லாரும் சங்கத்தில்தான் இருக்கிறார்கள். ஒரு சாவி போனால் முப்பத்தொரு பேருடைய சாவியும் போன மாதிரி. அவள் அந்தப் பொடியைத் தேய்த்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஜீப் ஸ்டாண்டில் மேகம் இறங்கியிருந்தது. மலை இருக்கிற இடம் தெரியவில்லை. ஆனால் ஃபிளெக்ஸ் தெரிந்தது. “பள்ளத்தாக்கின் முதல் காயில் கண்ட நாயகனே!” நாயகன் ஃபிளெக்ஸில் ஒரு பாறைமேல் ஜீப்போடு நின்றுகொண்டிருந்தார். பாறை வேறு எந்த நாட்டிலோ எடுத்தது.

போட்டிக்கு மட்டும்தான் காயில் என்ற பேச்சு மூன்றே நாளில் மாறிவிட்டிருந்தது. எஸ்டேட்டில் காய் எடுப்பு உச்சத்தில் இருந்தது. ஆள் போதவில்லை என்று தினம் போன் வந்தது. தவிர, சங்கத்துக்காரர்கள் காயிலைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? வெள்ளோட்டம் வைத்துவிட்டார் அழகுமலை. வண்டிக்கு மாலை, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், சூடம். பூசாரி தட்டை ஏந்தி வண்டியைச் சுற்றிவந்து, கதவுகளில் சந்தனத்தைக் கையால் அள்ளிப் பூசினார். பின்கதவின் உள்பக்கம் ‘ரெண்டு பேர் மட்டும்’ என்ற எழுத்தின் மேலே ஒரு உள்ளங்கைச் சந்தனமும், அதன்மேல் குங்குமமும் விழுந்தன. முத்துப்பாண்டி அதைப் பார்த்துக்கொண்டே டிரைவர் சீட்டில் ஏறினான்.

பெண்கள் தூக்குவாளியும் பிளாஸ்டிக் தாளுமாக ஏறினார்கள். ஜோதிலட்சுமி தன் இடத்தில், இடது ஓரத்தில். பதின்மூன்று பேர் ஏறியதும் மலையம்மாள் வழக்கம்போல் குந்திக் கையை விட்டாள். கையை வெளியே எடுத்து, விரலைப் பார்த்துக்கொண்டாள். மறுபடி விட்டாள்.

“என்னாத்தா, மதியா?” என்றது சங்கத்துக் கூட்டம்.

“ஒரு சாண் கெடக்கே” என்றாள் மலையம்மாள். அவள் குரலில் சந்தோசம் இல்லை.

அழகுமலை முகம் மலர்ந்தது. “பாத்தீங்களாய்யா! இதுதான் காயில். இன்னும் ஆள் ஏத்துங்க.”

“பதினாலு பேருதான மொதலாளி எப்பவும்?” என்றாள் மலையம்மாள்.

“விதி என்ன சொல்லுது? நாலு விரல் வர்ற வரைக்கும் ஏத்தலாம். வந்துருச்சா?”

“அது பட்டைக்கு.”

“போர்டுல பட்டைன்னு எழுதியிருக்கா?”

எல்லாரும் போர்டைத் திரும்பிப் பார்த்தார்கள். பட்டை என்று எழுதியிருக்கவில்லை. சங்கத்துச் செயலாளர் வாய்விட்டுப் படித்து அதை உறுதிப்படுத்தினார். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தது அங்கிருந்தவர்களுக்கே ஆச்சரியம்.

அடுத்த ஜீப்புக்காகக் காத்திருந்த பெண்களைக் கூப்பிட்டார்கள். பதினான்கு. பதினைந்து. பதினாறு. மலையம்மாள் குந்தினாள், அளந்தாள். “இன்னும் கெடக்கு.” பதினெட்டு. மடிமேல் மடி. வழக்கமான பதினான்கில் ஒருத்தியான விஜி, “ஏ ஆத்தா, என் காலு எங்கடி இருக்கு, யாராச்சும் பாத்துச் சொல்லுங்களேன்” என்றாள். பெண்கள் சிரித்தார்கள். பத்தொன்பது. இருபது. சிரிப்பு நின்றது. அத்தனை பேர் ஏறியும் வண்டியிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

முத்துப்பாண்டி கண்ணாடியில் பின்னால் பார்த்தான். ஜோதிலட்சுமியின் முழங்கை மட்டும் தெரிந்தது, பச்சை ஸ்வெட்டர். சாவியைத் திருகவில்லை. இப்போது இறங்கி, ‘மொதலாளி, அந்தக் கோயம்புத்தூர்ச் சேத்துல...’ என்று ஆரம்பித்தால் ஒரே நிமிசத்தில் எல்லாம் முடிந்துவிடும். காயில் கழன்றுவிடும், பட்டை திரும்பிவிடும், அவன் வேலையும் போய்விடும். இருபத்தொன்று. பொதுக்குழுவில் திறந்த அதே வாயை மறுபடி திறந்தான்.

“மொதலாளி...”

“எடுக்கச் சொல்லும்போது எடு. பேசாத.”

மூடிக்கொண்டான்.

“என்னமோ கொட்டுதே” என்றாள் மலையம்மாள் கீழேயிருந்து. மணிக்கட்டில் பழுப்புப் பொடி. ஊதிவிட்டுப் பார்த்தாள். “எட்டு விரல் இருக்கு. ஆனா...”

“எட்டா? அப்ப இன்னும் நாலு விரல் பாக்கி!” அழகுமலை வேட்டியை மடித்துக் கட்டினார். “இருபத்திரண்டாவது ஆளு நான் ஏறுறேன். நீ கையை வச்சு அளந்துக்கிட்டே இரு ஆத்தா. போட்டோ எடுக்கிறவன் எங்கய்யா?”

மலையம்மாள் கையை உள்ளே வைத்தாள். தொண்ணூற்றாறு கிலோ எடையும் ஒன்பது பட்டங்களும் பின்படியில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை போட்டோவுக்காக உயர்த்தின.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. தேங்காய் உடைக்கிற அளவுக்கு ஒரு சத்தம். துருப்பிடித்த சேசிஸிலிருந்து கிண்ணம் வெல்டிங்கோடு பிய்ந்து வந்தது. வண்டியின் இடது பின்பக்கம் அப்படியே உட்கார்ந்தது. ரப்பர் கட்டை ஆக்சிலின்மேல் இறங்கியது. நடுவில் இருந்தது மலையம்மாளின் கை.

அவள் ‘மதி’ என்று சொல்லவில்லை. வேறு ஏதோ சொன்னாள். அது எந்த மொழியிலும் இல்லை.

அழகுமலை படியிலிருந்து எலுமிச்சம்பழத்தின்மேல் உட்காரும்படி விழுந்தார். காயமில்லை. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். முதலில் குதித்தவள் ஜோதிலட்சுமி. “தூக்குங்கடி!” என்று கத்தினாள். எட்டுப் பேர் பம்பரைப் பிடித்துத் தூக்கினார்கள். எட்டுப் பேரால் முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் இறங்க இறங்கத்தான் வண்டி எழுந்தது. சங்கம் முழுவதும் நின்று பார்த்தது. தலைவர் ஒரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

முத்துப்பாண்டி இன்னும் சீட்டில்தான் இருந்தான். சாவி திருகாமல் கையில் இருந்தது. திருகியிருந்தால் இருபது நிமிசத்தில் வண்டி மூன்றாவது வளைவில் இருந்திருக்கும். அங்கே இடதுபக்கம் கைப்பிடிச் சுவர் இடிந்து ஆறு மாசமாகிறது. அதற்கு அப்பால் மேகம் மட்டும்தான்.

தேனி ஆஸ்பத்திரியில் மலையம்மாளுக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டும் மடங்காது என்றார்கள்.

அந்த வாரமே அவசரப் பொதுக்குழு மறுபடியும் கூடியது. காயில் நம் மண்ணுக்கு ஏற்றதல்ல, அது நம்மை ஏமாற்றிவிட்டது, பட்டையே நமது பண்பாடு என்று அழகுமலை முக்கால் மணி நேரம் பேசினார். ஒருமனதாகத் தீர்மானம். விதி ஏழில் ‘பட்டை’ என்ற சொல்லைச் சேர்ப்பதற்கு ஒரு துணைக்குழு. மலையம்மாளின் விரல்களுக்கு ஒரு நிமிசம் மௌனம்.

அன்று மாலை முத்துப்பாண்டியும் ஜோதிலட்சுமியும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மலையம்மாள் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள். தீர்மானத்தை ஜோதிலட்சுமி சொன்னாள். மலையம்மாள் கேட்டுக்கொண்டாள்.

“ஏலே முத்து, நீ அங்கனதான இருந்த. அந்தக் கோயம்புத்தூர்க் குழியில வண்டி எதுக்குத்தேன் சிக்குச்சு?”

முத்துப்பாண்டி ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டிருந்தான். ஜோதிலட்சுமி அவனையே பார்த்தாள்.

“நாலு சக்கரமும் சேந்து இழுக்கிறதுக்கு வண்டில ஒரு கியர் இருக்கு ஆத்தா. சேத்துல எறங்கும்போது அதப் போடணும்.”

“சரி.”

“அதப் போட மறந்துட்டாக.”